வெள்ளை ரோஜா பூக்கும் வாரம்: சிசிங்ஹர்ஸ்ட் தோட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். வரும் கோடையில் அங்கே போகக் காத்திருக்கும் வாசகர்களின் கடிதங்கள் அதன் பிறகு வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு மட்டுமே இங்கே இடம் இருக்கிறது. மண், உரம், பூச்சி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. பூக்கள் என்றால் அவருக்கு உயிர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்களுடன் தங்க வருகிறார். எங்கள் இருவரின் வேலையையும் பார்த்தால், சிசிங்ஹர்ஸ்ட்டுக்கு ஒரே ஒரு நாள்தான் அவரை அழைத்துப்போக முடியும். எந்த நாளில் போகலாம்?
– வாசகி, குராய்டன்

பதில்: பெரும்பாலானோர் விடுப்பு கிடைக்கும் நாளை முதலில் குறித்துவிட்டு, அந்த நாளில் தோட்டத்தில் என்ன இருக்கும் என்று பிறகு கேட்கிறார்கள். நீங்கள் தோட்டத்தின் நாளை முதலில் கேட்டுவிட்டு உங்கள் விடுப்பை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள நினைக்கிறீர்கள். அதுவே சரியான வழி. நம் பழைய இலக்கணம் நிலத்துக்குப் பொழுதை வகுத்தபோது பெரும்பொழுது, சிறுபொழுது என்று இரண்டு சொன்னது. எந்தப் பருவம் என்பது ஒன்று, நாளின் எந்த வேளை என்பது மற்றொன்று. சிசிங்ஹர்ஸ்ட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இந்த இரண்டும் முக்கியம். இரண்டில் ஒன்று தவறினாலும் தோட்டத்தின் பாதியைத்தான் பார்த்ததாகும்.

முதலில் பெரும்பொழுது. இந்தத் தோட்டத்தின் ரோஜாக்களில் பெரும்பகுதி காலிகா, டமாஸ்க், சென்டிஃபோலியா போன்ற பழைய இனங்கள். இன்று கடைகளில் கிடைக்கும் ரோஜாக்களைப் போல இவை மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பூப்பதில்லை. ஆண்டுக்கு ஒரே முறை, ஜூன் நடுவில் தொடங்கி ஜூலையின் முதல் நாட்கள் வரை பூத்துத் தள்ளிவிட்டு, அடுத்த ஆண்டுவரை இலைச்செடியாக நின்றுவிடும். ஆகவே ரோஜாத் தோட்டத்துக்காகவே போவதானால் ஜூனின் மூன்றாவது வாரம் சிறந்தது.

ஆனால் சிசிங்ஹர்ஸ்ட்டின் பெயர் உலகெங்கும் பரவியதற்கு வெண்தோட்டமே முதற்காரணம். அதன் நடுவில் உள்ள இரும்புக் கொடிப்பந்தலின் மேல் ரோஸா மல்லிகானி என்னும் ஒரு கொடிரோஜா படர்ந்திருக்கிறது. பெயரைக் கேட்டதும் நமக்கு மல்லிகை நினைவுக்கு வரும் என்றாலும், மல்லிகன் என்ற தோட்டக்கலை அறிஞரின் பெயரால் வந்த பெயர் அது. ஒற்றையடுக்கு இதழ்கள் கொண்ட சிறு பூக்கள் கொத்துக்கொத்தாக மலர்ந்து, பந்தலே தெரியாதபடி மூடிவிடும். பழைய ரோஜாக்கள் முடியும் தறுவாயில்தான், அதாவது ஜூலையின் தொடக்கத்தில்தான், இது பூக்கத் தொடங்கும். பூத்தபின் நிற்பது இரண்டு மூன்று வாரமே.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜூலை முதல் வாரத்தின் ஒரு நாளைக் குறித்துக்கொள்வேன். பழைய ரோஜாக்களில் பிந்திப் பூத்தவை அப்போதும் சில செடிகளில் இருக்கும், பந்தலின் வெள்ளை ரோஜாவும் விரிந்திருக்கும், வெண்தோட்டத்து லில்லிகளும் திறந்திருக்கும். வசந்தம் வெப்பமாக இருந்த ஆண்டில் எல்லாம் பத்து நாள் முந்திவிடும் என்பதால், மே மாத வெயிலைக் கவனித்து, தோட்டத்தின் இணையப் பக்கத்தில் வரும் படங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு வாரம் முன்பின் நகர்த்தும் வசதி இருந்தால் கவலையே இல்லை.

இனிச் சிறுபொழுது. காலையில் திறந்ததும் போய்விட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் போய், மூடும்வரை இருங்கள். இங்கிலாந்தில் கோடைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதால் உச்சிவெயில் பிற்பகல் ஒரு மணிக்குத்தான். ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிடும். நாலரை மணிக்கு மேல் கூட்டம் கலைந்து, வெயில் சாய்ந்து, செங்கல் சுவர்களின் மேல் நிறம் ஏறும். நம் முன்னோர் எற்பாடு என்று சொன்ன அந்த வேளையில் இந்தத் தோட்டம் இருக்கும் இருப்பே தனி. பொதுவாக ஐந்தரை மணியளவில் மூடிவிடுவார்கள். அன்றைய நேரத்தை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெண்தோட்டம் என்றால் வெள்ளைப் பூக்கள் மட்டும்தான் இருக்குமா? வண்ணமே இல்லாத தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, மில்டன் கீன்ஸ்

பதில்: உங்கள் கணவரை அவசியம் அழைத்துப்போங்கள். சந்தேகத்தோடு வந்து, அந்த வாசலில் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெண்தோட்டம் என்ற பெயரே கொஞ்சம் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடுகிறது. அங்கே மிகுதியாக இருப்பது பச்சை. அடுத்தது சாம்பல், அடுத்தது வெள்ளி. வெள்ளை அவற்றுக்குப் பிறகுதான். இடுப்புயரம்கூட இல்லாத பாக்ஸ் செடிகளை வெட்டிக் கட்டங்களாக நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கட்டங்களுக்குள் வெள்ளை டெல்ஃபினியம், ஆளுயரத்துக்கு மேல் நுரைபோலப் பூக்கும் கிராம்பி, வெள்ளிநிற முள்ளோடு நிமிர்ந்து நிற்கும் ஓனோபோர்டம், ஆர்ட்டிமீசியாவின் சாம்பல் இலைகள், ஜூலையில் மணம் பரப்பும் ரீகல் லில்லி என்று ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும். வெள்ளி இலைகள் கொண்ட ஒரு பேரி மரம் கிளைகளைத் தரைவரை தொங்கவிட்டிருக்க, அதன் அடியில் ஈயத்தில் வார்த்த ஒரு கன்னியின் சிலை பாதி மறைந்து நிற்கும். நிறத்தை எடுத்துவிட்டால் இலையின் வடிவம், பூவின் உயரம், பரப்பின் வழவழப்பு, சொரசொரப்பு ஆகியவை கண்ணில் படத் தொடங்கும். சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் இருந்தால் இவற்றை நாம் கவனிப்பதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணின் செயல்பாடு மாறுகிறது. பகலில் நிறம் காணும் செல்கள் ஓய, மங்கலில் பார்க்கும் செல்கள் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. இந்தச் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. ஆகையால் அந்தியில் செந்நிறப் பூக்கள் முதலில் கறுத்துவிடும். நீலமும் வெள்ளையும் கடைசிவரை ஒளிரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய செக் நாட்டு அறிஞரின் பெயரால் இதைப் பர்கின்யே விளைவு என்கிறார்கள். வெண்தோட்டத்தை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய எழுத்தாளர் விடா சாக்வில்-வெஸ்ட் அந்தி வெளிச்சத்துக்கென்றே அதை எண்ணியிருந்தார். அவரும் அவர் கணவர் ஹரோல்ட் நிக்கல்சனும் இரவுச் சாப்பாட்டுக்கும் உறங்கும் அறைகளுக்கும் இடையே தோட்டத்தின் வழியாகவே நடந்துபோய் வந்தவர்கள். அவர்களுடைய வீடு ஒரே கட்டடமாக இல்லாமல், தோட்டத்துக்குள் சிதறிக் கிடந்த பல சிறு கட்டடங்களாக இருந்தது.

நாம் போகும் நேரத்தில் அந்தி கிடைக்காது, ஏனென்றால் இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே வாசலை மூடிவிடுகிறார்கள். ஆகவே போகும் நாளில் வானம் மூடியிருந்தால் வருந்தாதீர்கள். உச்சிவெயிலில் வெள்ளைப் பூ கண்ணைக் கூசச்செய்யும், அதன் இதழில் உள்ள நுண்ணிய பச்சை, பால்மஞ்சள் சாயல்கள் எல்லாம் அழிந்துபோகும். மேகம் மூடிய பிற்பகலில் அவை அனைத்தும் திரும்பிவரும். வானிலை அறிக்கையில் மேகப் படத்தைப் பார்த்துவிட்டு மனம் சோர்கிறவர்கள், அதே மேகம்தான் வெண்தோட்டத்தை அதன் உண்மையான முகத்தோடு காட்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: சிசிங்ஹர்ஸ்ட் கோட்டைத் தோட்டம் என்கிறார்கள். அங்கே கோட்டை எதுவும் இல்லை, ஒரு கோபுரம்தான் இருக்கிறது என்று போய்வந்த நண்பர் ஏமாற்றத்தோடு சொன்னார். எது உண்மை?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: நண்பர் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கோபுரத்தின் கதை தெரிந்திருந்தால் அவர் ஏமாந்திருக்கமாட்டார்.

பதினாறாம் நூற்றாண்டில் அங்கே பெரிய செங்கல் மாளிகை ஒன்று இருந்தது. முதலாம் எலிசபெத் அரசியார் 1573-இல் வந்து தங்கிய அளவுக்குச் செல்வாக்கான மாளிகை. பின்னர் அதற்கு உரிமையாளர்களான குடும்பம் நலிந்தது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின்போது சிறைபிடிக்கப்பட்ட பிரெஞ்சு மாலுமிகளை அங்கே அடைத்துவைத்தார்கள். கோட்டை என்ற பெயர் அந்தக் கைதிகளிடமிருந்து வந்தது என்பார்கள். போர் முடிந்தபோது கட்டடம் சீர்குலைந்திருந்தது, பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். எஞ்சியதில் ஒருகாலம் ஏழைகள் தங்கவைக்கப்பட்டார்கள், பிறகு பண்ணை வேலையாட்கள் குடியிருந்தார்கள்.

1930-இல் விடா அந்த இடத்தைப் பார்த்தபோது அங்கே இருந்தவை ஒரு கோபுரம், சில உடைந்த சுவர்கள், பழைய அகழியின் ஒரு பகுதி, முள்ளும் களையும் மூடிய குப்பைமேடு ஆகியவைதாம். மின்சாரமோ தண்ணீர்க் குழாயோ இல்லை. இருந்தும் அதை வாங்கினார். ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு செய்தி தேவை. அவர் பிறந்து வளர்ந்தது அதே கென்ட் பகுதியில் உள்ள நோல் என்னும் மாபெரும் மாளிகையில். பெற்றோருக்கு ஒரே பிள்ளையாக இருந்தும், பெண் என்பதால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1928-இல் தந்தை இறந்ததும் மாளிகை சிற்றப்பாவிடம் போய்விட்டது. பிறந்த வீட்டை இழந்த ஒரு பெண், தம் முன்னோர் வழி உறவு கொண்ட ஒரு சிதைந்த இடத்தைத் தேடி எடுத்து, கட்டடமாக அல்லாமல் செடியும் கொடியுமாக அதைத் திரும்பக் கட்டினார் என்றுதான் நான் அந்தத் தோட்டத்தைப் பார்க்கிறேன்.

கணவனும் மனைவியும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. தூதரகப் பணியிலிருந்து விலகி வந்திருந்த ஹரோல்ட், நூல்பிடித்து அளந்து, யூ மர உயிர்வேலிகளாலும் சுவர்களாலும் இடத்தை அறை அறையாகப் பிரித்து, ஓர் அறையின் வாசலில் நின்றால் அடுத்த அறையின் கோடியில் ஒரு சிலையோ மரமோ கண்ணில் படும்படி நேர்க்கோடுகளை அமைத்தார். அந்தக் கோடுகளுக்குள் விடா சிறிதும் கோடு பார்க்காமல் நட்டார். தானாக முளைத்த செடியைக்கூட இருக்கட்டும் என்று விட்டுவிடுவது அவர் வழக்கம். கண்டிப்பும் தாராளமும் இப்படி ஒரே இடத்தில் சேர்ந்ததே இத்தோட்டத்தின் இரகசியம். கோபுரத்தின் 78 படிகளை ஏறி உச்சியிலிருந்து பார்த்தால் ஹரோல்டின் கோடுகள் தெளிவாகத் தெரியும். கீழே இறங்கி நடந்தால் அவை மறைந்து, விடாவின் செடிகள் மட்டுமே தெரியும். ஆகவே முதலில் தோட்டத்தில் நடந்துவிட்டு, பிறகு கோபுரம் ஏறுங்கள். மாற்றிச் செய்தால் புதிர் முன்பே அவிழ்ந்துவிடும்.

ஏறும் வழியில் முதல் தளத்தில் விடா எழுதிய அறையை வாசலில் நின்று பார்க்கலாம். அவர் 1962-இல் இறந்தபின், 1967-இல் தோட்டம், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது.

கேள்வி: எங்களுக்குப் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். ஜூலை கடைசியில்தான் விடுமுறை தொடங்குகிறது. அதற்குள் ரோஜா எல்லாம் முடிந்துவிடும் என்கிறீர்கள். அப்படியானால் நாங்கள் போவதில் பயனில்லையா?
– வாசகர், கில்லிங்ஹம்

பதில்: தாராளமாகப் போகலாம். ரோஜாவை மட்டும் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கோடையின் பிற்பகுதியிலும் இத்தோட்டம் செழிப்பாக இருப்பதற்கு நாம் இரண்டு பெண்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பமேலா ஷ்வெர்ட், சிபில் க்ரூட்ஸ்பெர்கர் என்ற இருவரும் 1959-இல் விடாவிடம் தலைமைத் தோட்டக்காரர்களாகச் சேர்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார்கள். விடாவின் காலத்தில் ஜூலையோடு ஓய்ந்துவிடும் பாத்திகள் பல இருந்தன. பார்க்க வருகிறவர்கள் இலையுதிர் காலம் வரை வந்துகொண்டிருப்பதால், முடிந்த செடிக்கு அடுத்தது பூக்கும்படி வரிசை வரிசையாக நடும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள்.

ஆகஸ்டில் நீங்கள் முதலில் போக வேண்டியது குடிசைத் தோட்டம் என்று அழைக்கப்படும் பகுதி. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அந்திவானத்தின் நிறங்கள் மட்டுமே அங்கே உண்டு. நடுவில் நான்கு யூ மரங்கள் தூண்களைப்போல் நிற்க, அவற்றுக்கிடையே ஒரு பழைய செம்புக் கொப்பரை இருக்கும். வெண்தோட்டத்திலிருந்து நேரே அங்கே வந்தால் பிள்ளைகள் வியந்துபோவார்கள். மூலிகைத் தோட்டத்தில் கேமமைல் படர்ந்த கல் இருக்கை ஒன்று இருக்கிறது. அகழிக்கரையும் பழத்தோட்டத்துப் புல்வெளியும் பிள்ளைகள் கால்வீசி நடக்க ஏற்றவை. எலுமிச்சை நடை என்று சிலர் தவறாக மொழிபெயர்க்கும் லைம் நடைபாதை மட்டும் கோடையில் வெறும் பச்சையாக இருக்கும். அது எலுமிச்சை அன்று, லிண்டன் மரம். ஹரோல்ட் தமக்கென வைத்துக்கொண்ட அந்தப் பாதைக்கு வசந்தகாலமே உரிய பருவம்.

கேள்வி: மழை வந்தால் என்ன செய்வது?
– வாசகி, ரெடிங்

பதில்: குடையைவிடத் தொப்பி வைத்த மழைச்சட்டை நல்லது. பாதைகள் குறுகலானவை, இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் இராது, பாத்தியில் சாய்ந்திருக்கும் செடிகளும் குடைக் கம்பியில் சிக்கும். ஈரத்தில் செங்கல் வழுக்கும் என்பதால் அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணி அணியுங்கள்.

கேள்வி: கார் இல்லாதவர்கள் லண்டனிலிருந்து போக முடியுமா? என் மாமியாருக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்கவோ படி ஏறவோ இயலாது.
– வாசகி, லூயிஷம்

பதில்: லண்டன் சாரிங் கிராஸில் ஏறி, லண்டன் பிரிட்ஜ் வழியாக ஸ்டேபிள்ஹர்ஸ்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து தோட்டம் ஐந்தாறு மைல் தொலைவில் இருக்கிறது. நிலையத்தின் வாசலில் வாடகைக் கார் காத்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். போவதற்கும் திரும்புவதற்கும் சேர்த்து முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைப்பதே பாதுகாப்பு. பேருந்தை நம்புவதானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

மாமியார் கோபுரம் ஏற வேண்டாம். அங்கே மின்தூக்கி இல்லை. ஆனால் கோபுரத்தை விட்டுவிட்டால் அவர் இழப்பது மேலிருந்து தெரியும் காட்சி ஒன்றைத்தான். தோட்டம் சிறு அறைகளாக இருப்பது அவரைப் போன்றவர்களுக்கு வசதி. ஓர் அறைக்குள் போய், இருக்கை ஒன்றைப் பிடித்து, அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். எல்லா அறைகளையும் பார்த்தே தீர வேண்டும் என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். ரோஜாத் தோட்டத்தில் வட்டமாக வளர்த்த யூ உயிர்வேலிக்கு அருகே உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கமிருந்து மணத்தைக் கொண்டுவருகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாலே பிற்பகல் போய்விடும்.

கேள்வி: சிசிங்ஹர்ஸ்ட்டில் ரோஜாச் செடிகளின் கிளைகளை வளைத்துத் தரையில் கட்டிவைத்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். அப்படிச் செய்வதால் என்ன பயன்? என் வீட்டுச் செடியில் செய்து பார்க்கலாமா?
– வாசகர், ஹாரோ

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது, ஏனென்றால் அந்தத் தோட்டத்திலிருந்து நாம் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய பாடம் இதுதான்.

எந்தக் கிளையும் நிமிர்ந்து வளரும்போது அதன் நுனிமொட்டு, கீழே உள்ள பக்கமொட்டுகளை வளரவிடாமல் அடக்கும் ஹார்மோன்களைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அதனால் செடி உயரமாகப் போய், உச்சியில் மட்டும் பூக்கும், கால்பகுதி மொட்டையாக நிற்கும். அதே கிளையை வில்போல் வளைத்துப் படுக்கைவாட்டில் கட்டிவிட்டால் நுனியின் ஆதிக்கம் தளர்கிறது. கிளையின் நீளம் முழுவதும் உறங்கிக் கிடந்த பக்கமொட்டுகள் விழித்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு தளிராகி, ஒவ்வொரு தளிரும் பூ வைக்கிறது. சிசிங்ஹர்ஸ்ட்டில் ஹேசல் மரத்தின் வளையும் குச்சிகளை வில்லாக வளைத்து, இரு முனைகளையும் மண்ணில் ஊன்றி, கவாத்து செய்த ரோஜாக் கிளைகளை அவற்றின்மேல் இழுத்துக் கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் பார்த்தால் கூடை பின்னிவைத்ததுபோல் இருக்கும். ஜூனில் கூடையே தெரியாது, பூமேடு மட்டும் தெரியும்.

உங்கள் செடியில் செய்யலாம், ஆனால் எல்லா ரோஜாவுக்கும் இது பொருந்தாது. நீளமாக, வளையும் தன்மையோடு கிளைவிடும் பழைய புதர் ரோஜாக்களுக்கும் கொடிரோஜாக்களுக்கும்தான் ஏற்றது. விறைப்பான கிளை கொண்ட குட்டை ரோஜாவை வளைத்தால் முறிந்துவிடும். இலை உதிர்ந்த பிறகு, மொட்டுகள் வீங்குவதற்கு முன், உறைபனி இல்லாத ஒரு நாளில் செய்யுங்கள். கிளையை ஒரே இழுப்பில் வளைக்காமல், கையால் நீவி நீவி மெல்லப் பணியவையுங்கள். காய்ந்த கிளை, குறுக்கே உரசும் கிளை, மிக முதிர்ந்த கிளை ஆகியவற்றை முதலில் அடியோடு எடுத்துவிட்டால் கட்டுவதற்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: அங்கே பார்க்கும் செடியிலிருந்து ஒரு சிறு போத்து ஒடித்துவந்தால் தவறா? ஒரு விதை?
– வாசகி, ஸ்லவ்

பதில்: தவறுதான். வேண்டாம். ஆண்டுதோறும் வருகிற அத்தனை பேரும் ஒரு துண்டு ஒடித்தால் பாத்தியில் குச்சிகூட மிஞ்சாது. தோட்டத்தின் வளாகத்திலேயே செடிக்கடை இருக்கிறது. பிடித்த செடியின் பெயர்ப்பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கடையில் கேளுங்கள். அங்கே இல்லாவிட்டாலும் பெயர் கையில் இருந்தால் வேறெங்கும் வாங்கிவிடலாம். மல்லிகானி ரோஜாவை மட்டும் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், வீட்டுக் கூரைவரை ஏறக்கூடியது அது.

கேள்வி: நாங்கள் லீட்ஸில் இருக்கிறோம். கென்ட் வரை போய்வரும் வசதி இப்போதைக்கு இல்லை. இதைப் போன்ற தோட்டம் எங்கள் பக்கம் உண்டா?
– வாசகர், லீட்ஸ்

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறது. லீட்ஸின் ஏடல் பகுதியில் உள்ள யார்க் கேட் தோட்டம் ஒரே ஓர் ஏக்கர் பரப்புதான். 1951-இல் அங்கே குடியேறிய ஸ்பென்சர் குடும்பத்தின் தந்தை, தாய், மகன் மூவரும் சேர்ந்து அந்த ஓர் ஏக்கரைச் சிசிங்ஹர்ஸ்ட்டைப் போலவே அறை அறையாக வகுத்து உருவாக்கினார்கள். சாதாரணக் குடும்பம் ஒன்று எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டும் தோட்டம் அது. அந்த வகையில் நமக்கு அது மேலும் நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். ரிப்பன் அருகே உள்ள நியூபி ஹாலில் 172 மீட்டர் நீளத்துக்கு இருபுறமும் பூப்பாத்தி ஓடுகிறது. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். 1927-இல் மாவட்டச் செவிலியர்களின் பணிக்கு நிதி திரட்டுவதற்காக, தனியார் தங்கள் தோட்டங்களைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். முதல் ஆண்டில் 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற பெயரில் அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திறக்கும் தோட்டங்களின் பட்டியல், மஞ்சள் அட்டை போட்ட புத்தகமாக ஆண்டுதோறும் வருகிறது. ஒரு தெருவின் கடைசி வீட்டுக்காரர் தம் கொல்லைப்புறத்தைத் திறந்து, தேநீரும் கேக்கும் வைத்து, எந்தச் செடியைப் பற்றிக் கேட்டாலும் நின்று நிதானமாகப் பதில் சொல்வார். புகழ்பெற்ற தோட்டங்களில் இந்த உரையாடல் கிடைப்பதில்லை. சிசிங்ஹர்ஸ்ட்கூட 1938-இல் இப்படி ஒரு ஷில்லிங் கட்டணத்தில்தான் முதன்முதலாகத் திறந்தது. வந்தவர்களை விடா அன்போடு ஷில்லிங்கர்கள் என்று குறிப்பிட்டு, அவர்களோடு செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாராம்.

கேள்வி: இந்த ஜூலையில் முதன்முதலாகச் சிசிங்ஹர்ஸ்ட் போகிறோம். இப்போது பிப்ரவரி. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று நினைத்தால் பொறுமை போய்விடுகிறது. அதுவரை என்ன செய்யலாம்?
– வாசகி, கோவென்ட்ரி

பதில்: உங்கள் பொறுமையின்மை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதே பொறுமையின்மையில்தான் வெண்தோட்டம் பிறந்தது. விடா 1946 முதல் 1961 வரை ஞாயிறுதோறும் வெளிவரும் அப்சர்வர் செய்தித்தாளில் தோட்டம் பற்றி எழுதிவந்தார். 1950 ஜனவரியில், முதல் பனித்துகள்கள் விழுந்துகொண்டிருக்க, தாம் அப்போது நட்டுக்கொண்டிருக்கும் வெளிறிய தோட்டத்தைப் பற்றி அதில் எழுதினார். வரும் கோடையின் அந்தியில், ஒரு பெரிய கூகை ஓசையில்லாமல் அதன் குறுக்கே பறந்துபோகுமா என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அப்போது அங்கே இருந்தவை குளிர்ந்த களிமண்ணும் சிறு நாற்றுகளும்தாம். கூகை உட்பட மற்ற எல்லாம் அவர் மனத்தில் மட்டுமே இருந்தன.

நீங்களும் எதையாவது நடுங்கள். ஏப்ரலில் வெள்ளை காஸ்மாஸ் விதைப் பொட்டலம் ஒன்று வாங்கி, வெளிச்சம் படும் ஜன்னலோரத்தில் தொட்டியில் தூவுங்கள். மே இறுதியில், உறைபனி முடிந்ததும், வெளியே எடுத்து வைத்துவிடலாம். நீங்கள் புறப்படும் ஜூலை முதல் வாரத்தில் அது மொட்டுவிட்டிருக்கும், ஒன்றிரண்டு பூத்துமிருக்கும். முதல் பூ மலரும் நாளில் மாலை ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அந்தத் தொட்டியின் அருகே உட்காருங்கள். சிசிங்ஹர்ஸ்ட்டின் வாசல் மூடியபிறகு வெண்தோட்டம் எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியும்.